செங்குத்துப் பிடியும் ஏலக்காய் ரொட்டியும்

"கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் கருகிடுச்சு. மத்தபடி நல்ல ருசி," என்றாள் சிர்க்கா, வாயில் இருந்ததைக் காப்பியோடு விழுங்கியபடி.

சமையலறை வாசலுக்கு வந்த ஹெய்மோ இதைப் பார்த்தான். பாய்ந்து போய், அவள் கையிலிருந்த மிச்சத்தைப் பிடுங்கினான்.

"அது ரொட்டி இல்ல!"

"ஏலக்காய் வாசனை வருது, வெண்ணெய் தடவினா உருகுது. பின்ன என்னவாம்?"

"என் துப்பாக்கியோட பிடி!"

சிர்க்கா பக்கத்து வீட்டுக்காரி. ஊர் வேட்டைக் குழுவில் நாய் பழக்கி நடத்துகிறவள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "முப்பது வருஷமா வேட்டைக்குப் போறேன். துப்பாக்கியத் தின்னது இதுதான் முதல் தடவை."

ஹெய்மோ ரொட்டியைத் திருப்பிப் பார்த்தான். நான்கு விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. கட்டைவிரல் இருந்த இடத்தில் இப்போது சிர்க்காவின் பல்வரிசை இருந்தது.

விஷயம் இதுதான். ஹெய்மோ குழுவில் சேர்ந்து பதினோரு வருஷம். அத்தனை அக்டோபர் வேட்டையிலும் அவன் ஒரு மூஸைக்கூட, அந்தக் குளிர்தேசத்துக் காட்டின் ராட்சத மானை, வீழ்த்தியதில்லை. வேட்டை உரிமத்துக்கான தேர்வுக் களத்தில் காகித மானை நெஞ்சில் சுட்டுத் தேறிவிடுவான். ஆனால் நிஜ மான், கொம்பும் மூச்சுமாக எதிரே வந்து நின்றால், குண்டு பக்கத்து மரத்துக்குப் போய்விடும். வேட்டைக் குடிசையின் சுவரில் ஆளுக்கொரு பலகை தொங்கும். விழுந்த ஒவ்வொரு மானுக்கும் ஒரு வெட்டுக்குறி. தலைவர் தாபானியின் பலகை சீப்பு மாதிரி இருக்கும். ஹெய்மோவின் பலகையில் ரொட்டி நறுக்கலாம், அவ்வளவு வழுவழுப்பு. அதோடு, குறி தப்பியவன்தான் சூப்புப் பானை தேய்க்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். பதினோரு வருஷமாக அந்தப் பானையின் அடியில் உள்ள ஒவ்வொரு நெளிவும் அவனுக்கு மனப்பாடம்.

ஆகஸ்டில் மனைவி ஈர்யாவிடம் சத்தியம் செய்திருந்தான்: "இந்த வருஷமும் குறி தப்பிடுச்சுன்னா துப்பாக்கிய வித்துட்டுக் குழுவிலேருந்து விலகிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஈர்யா அப்போதே அளவு நாடாவை எடுத்துப் போய், துப்பாக்கி அலமாரி நின்ற மூலையை அளந்தாள். "என் தறி இங்க கச்சிதமா உக்காரும்," என்றாள்.

அந்த அளவு நாடாதான் அவனை அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒலாவியின் கடைக்குத் துரத்தியது. ஒலாவி, துப்பாக்கியைத் தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையை, பிடியோடு சேர்த்துச் செதுக்குகிறவன். ஹெய்மோவின் பழைய கட்டையை ஒரு பார்வை பார்த்தான்.

"உன் மேல குத்தமே இல்ல. பிடி இப்படிப் படுத்துக்கிட்டு இருந்தா மணிக்கட்டு மடங்கும். மணிக்கட்டு மடங்கினா விசைய இழுக்கும்போது குழல் விலகும். செங்குத்துப் பிடி மாத்து. விசைக்குப் பின்னால நெட்டுக்குத்தா நிக்கும். கைய நேரா வச்சு, விரல நேரா இழுக்கலாம்."

உன் மேல குத்தமே இல்ல. பதினோரு வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. ஹெய்மோ அந்த நிமிஷமே ஒலாவியின் அடிமையானான்.

ஆனால் கடையில் இருந்த செங்குத்துப் பிடிகள் ஒன்றும் பொருந்தவில்லை. ஒன்றில் விரல் விசையைத் தாண்டிப் போனது. இன்னொன்றில் விசைவரை எட்டவேயில்லை. மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது. அது இடதுகைக்காரனுக்குச் செய்தது.

"உன் கைக்குன்னே செதுக்கிடலாம்," என்றான் ஒலாவி. "எதையாவது பிசைஞ்சு, இறுக்கிப் பிடிச்சு, காயவச்சு அனுப்பு."

அவன் நினைத்தது களிமண். ஹெய்மோ வீடு திரும்பியபோது மேசைமேல் இருந்தது ஈர்யாவின் ஏலக்காய் ரொட்டி மாவு. ஒரு துடைப்பக் குச்சியைச் சுற்றி ஒரு கைப்பிடி மாவை அப்பி, மூஸ் மான் எதிரே நிற்பதாக நினைத்து இறுக்கிப் பிடித்தான். காயவைப்பதற்கு அடுப்பைவிட நல்ல இடம் எது? வெந்ததும், குச்சியை உருவி, ஆறட்டும் என்று தட்டில் வைத்துவிட்டுப் பார்சல் பெட்டி தேடப் போனான். அந்த இடைவெளியில்தான் சிர்க்கா காப்பிக்கு வந்தாள்.

"பழைய கட்டைக்கு என்ன குறை?" என்று இப்போது கேட்டாள் அவள். "எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?"

"யாருக்கு நல்லாப் போகுது?" என்று சீறிவிட்டு, மிச்ச ரொட்டியைப் பெட்டியில் போட்டு, நகரத்துப் பேருந்தில் ஒலாவிக்குக் கொடுத்தனுப்பினான்.

மூன்று வாரம் கழித்துக் கட்டை வந்தது. ஒலாவி வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ரொட்டியை அப்படியே மரத்தில் இறக்கியிருந்தான். ஈஸ்ட் போட்ட மாவு அடுப்பில் ஒன்றுக்கு இரண்டாகப் பொங்கும் என்பது மட்டும் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. பிடி ஒரு முட்டைக்கோஸ் பருமனுக்கு இருந்தது. பக்கவாட்டில் சிர்க்காவின் பல்வரிசைகூடப் பல்பல்லாகச் செதுக்கப்பட்டிருந்தது.

தொலைபேசியில் ஒலாவி சொன்னான்: "அந்தப் பள்ளம் எதுக்குன்னு புரியல. ஆனா வாடிக்கையாளர் கேட்டா செய்யறது என் வழக்கம்."

ஹெய்மோ காரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, அரத்தோடு உட்கார்ந்தான். ஒரு வாரம் தேய்த்தான். முதலில் பிடி சரியாக வந்தது. இன்னும் சரியாக வரட்டும் என்று ஒரே ஒரு தடவை தேய்த்தான், மெலிந்துவிட்டது. சைக்கிள் டயர் ரப்பரைச் சுற்றினான், பருத்துவிட்டது. ரப்பரை உரித்தான், கொஞ்சம் மரமும் கூடவே உரிந்து வந்தது. கடைசியில் மெல்லிய தோல்பட்டி சுற்றியதும் கை உட்கார்ந்தது. இப்போது கன்னம் உட்காரவில்லை. புதுக் கட்டையின் முதுகு உயரம். கன்னத்தை வைத்தால் கண் துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கிக்கு மேலே நின்று வானத்தைப் பார்த்தது.

தொலைநோக்கியை உயர்த்தினான். உயர்த்திய வேகத்தில் ஒரு விரற்கடை பின்னாலும் வந்துவிட்டது போலிருக்கிறது. பயிற்சிக் களத்தில் முதல் குண்டுக்கே துப்பாக்கி உதைத்து, தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் பிறைநிலா வரைந்தது.

"தறிக்கு ஊதா நூல் வாங்கலாம்னு இருக்கேன்," என்றாள் ஈர்யா, புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டியபடி. "உன் கண்ணைப் பாத்ததும் தோணுச்சு."

தொலைநோக்கி முன்னால் போனது. அப்புறம் குளிர் வந்தது. கையுறை போட்டால் செதுக்கிய தடங்களில் விரல் நுழையவில்லை. கழற்றினால் விரலே இல்லாதது போல் மரத்துப் போனது. ஈர்யா கல்யாணத்துக்குப் பின்னிக் கொடுத்த கையுறையின் விரல்நுனிகளை அவன் கத்தரிக்கோலால் வெட்டினான். மறுநாள் துப்பாக்கி அலமாரிக்குப் பக்கத்தில் தறியின் இரண்டு கால்கள் வந்து நின்றன.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. பனி படர்ந்த குடிசை முற்றத்தில் தாபானி யார் எங்கே நிற்பது என்று வாசித்தார்.

"ஏழாம் நம்பர் இடம், எப்பவும்போல ஹெய்மோ."

ஏழாம் நம்பர், பெரிய சதுப்பு நிலத்தின் மறுகோடி. தாபானியின் மருமகன் ரிக்கு கையைத் தூக்கினான்.

"மாமா, இந்த வருஷம் அங்க நான் நிக்கறேனே. பட்டாளத்துல குறிக்கு மெடல் வாங்கினவன் நான்."

"அதனாலதான் வேணாங்கறேன்," என்றார் தாபானி. இரண்டு மூன்று பேர் இருமினார்கள்.

ஹெய்மோவுக்குக் கண் கலங்கியது. மெடல் வாங்கிய மாப்பிள்ளையைவிட என்னைப் பெரிதாக நினைக்கிறாரே! இந்த மனுஷனுக்காகவாவது இன்றைக்கு வீழ்த்த வேண்டும்.

முழங்கால்வரை சதுப்பில் புதைந்து புதைந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஏழாம் நம்பரில் நின்றான். பத்து மணிக்குச் சிர்க்காவின் நாய் தூரத்தில் குரைத்தது. குரைப்பு நெருங்கியது. குட்டைப் பைன் மரங்களை விலக்கிக்கொண்டு ஆண் மூஸ் ஒன்று வெளியே வந்து, எண்பதடி தூரத்தில் நின்று அவனைப் பார்த்தது. ஒரு மாட்டு வண்டி அளவுக்கு இருந்தது.

வழக்கம்போலக் கண் பக்கத்து மரத்துக்குப் போனது. ஆனால் மணிக்கட்டு மடங்கவில்லை. செங்குத்துப் பிடி உள்ளங்கையில் நிமிர்ந்து நின்றது. கட்டைவிரல் தானாகவே சிர்க்காவின் பல்தடத்தில் போய்ப் பதிந்து, பூட்டினாற்போல் நின்றது. விரல் நேராக இழுத்தது.

மூஸ் இரண்டடி எடுத்து வைத்துச் சரிந்தது.

ஹெய்மோ வாக்கிடாக்கியை எடுத்தான். "ஏழாம் நம்பர். மான் விழுந்துடுச்சு."

வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஏழாம் நம்பர் பேசறேன். விழுந்துடுச்சு!"

இந்தத் தடவை தாபானியின் குரல் வந்தது. "எங்க?"

"இங்கதான்! சதுப்புக்கு நடுவுல!"

"செத்துடுச்சா? நிச்சயமா?"

"ஒரே குண்டு!"

யாரோ பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது. பொத்தானை விட மறந்திருப்பார்கள்.

ஒரு மணி நேரத்தில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். இடுப்புவரை சேறு. தாபானி நானூறு கிலோ மானைப் பார்த்தார். அடிவானத்தில் ஒரு கோடாகத் தெரிந்த சாலையைப் பார்த்தார். அங்கே அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி டிராக்டர், சதுப்பில் இறங்க வழியில்லாமல், சிவப்புப் புள்ளியாக நின்றது. தொப்பியைக் கழற்றினார். ரிக்கு ஒரு பூட்ஸைச் சேற்றில் தொலைத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றான்.

ஹெய்மோ வாழ்த்துக்காகக் கையை நீட்டினான். யாரும் குலுக்கவில்லை.

"நல்ல குறி," என்றார் தாபானி, துக்கம் விசாரிக்கிற குரலில். பிறகு கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மானின் கொம்புப் பக்கம் போனார்.

ஹெய்மோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ஆச்சு எல்லாருக்கும்? பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒண்ணு விழுந்திருக்கு!"

சிர்க்கா ஒரு புல்மேட்டில் உட்கார்ந்து நாயின் பாதத்திலிருந்த சேற்றை வழித்தாள்.

"பதினோரு வருஷமா நீ குறி தப்பச் சுடுவ, அந்தச் சத்தத்துல மான் மிரண்டு திரும்பி ஓடிப் போய், ரோட்டோரம் டிராக்டர் பக்கத்துல நிக்கற தாபானி குண்டுக்கு விழும், அதுக்குத்தாண்டா உன்னை இங்க நிறுத்தறதே. ஏன் ஹெய்மோ, அந்தப் பழைய கட்டையத் தூக்கிப் போட்டுடலையே?"