மூன்று பானையும் ஒரு பெஞ்சும்

உத்திரமேரூர்,
10-3-74, ஞாயிறு.

பாண்டிச்சேரியில் மில் வேலையில் இருக்கும் அன்பு மச்சான் முத்துவேலுக்கு, உன் அக்காள் புருஷன் ஏகாம்பரம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காள் கோவிந்தம்மாள், இரண்டு பசு, ஒரு கிடாரிக் கன்று ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டாரும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சௌக்கியம் இல்லாதவன் நான் ஒருவன்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாக்கு நன்றாக இருக்கிறது என்றார். அந்த நாக்குதான் வியாதியே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் உனக்குச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மில்லில் வைத்துப் படி. படித்ததும் கிழித்துப் போடு.

போன ஆடி மாதம் இங்கே கள்ளுக்கடையை மூடியது உனக்குத் தெரியும். சர்க்கார் ஏதோ யோசித்துத்தான் மூடியிருக்கும், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏரிக்கரைக் கடை எப்படிப்பட்ட கடை என்று சர்க்காருக்குத் தெரியாது. நீ ஒருதரம் வந்திருக்கிறாய், ஆனால் அவசரமாகக் குடித்துவிட்டுப் போய்விட்டாய். அங்கே மூன்று பானை இருந்தது மச்சான். ஒன்று மானாம்பதிப் பனங்கள், நுரை அடங்குவதற்குள் குடித்தால் தொண்டையில் சில்லென்று ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கும். இரண்டாவது காவாந்தண்டலத்துத் தென்னங்கள், முதலில் இனிப்பாகப் பேசி, கடைசியில் காதுக்குப் பின்னால் ஒரு தட்டு தட்டும். மூன்றாவது புள்ளலூர்ப் பக்கத்து ஈச்சங்கள், அது எல்லோருக்கும் பிடிக்காது, பிடித்தவனுக்கு வேறு எதுவும் பிடிக்காது. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் எது எந்த ஊர் என்று நான் சொல்வேன். என்னைப்போல் சொல்லக்கூடிய இன்னொரு ஆள் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே கிணறு வெட்டுகிற சாமுவேல்தான். அவனும் என் வயசு, ஐம்பதை ஒட்டியவன். தினம் சாயந்தரம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவோம். "யோவ், உனுக்கு நாக்கா, செருப்புத் தோலா? இது நேத்து எறக்கினதுய்யா!" என்பான். நான் "இல்லடா, காலைல எறக்கினது" என்பேன். பானைக்காரரைக் கேட்டால் அவர் இரண்டு பேருக்கும் பாதகமில்லாமல் நடுராத்திரி என்பார். மறுநாள் அதே சாமுவேல் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, "வரேன் நைனா" என்று சொல்லிவிட்டுப் போவான். எங்களுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றியதில்லை. ரோடு ரோடுதான், கடை கடைதான்.

கடையை மூடினார்களே தவிர ஐந்து மணியை யாரும் மூடவில்லை. நாலே முக்கால் ஆனதும் எனக்கு இருப்புக்கொள்ளாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. மாட்டை அவிழ்த்து மறுபடி அதே முளையில் கட்டுவேன். சாராயக்கடை இன்னும் திறந்துதான் இருக்கிறதே என்பாய். போனேன். ஒரு கிளாஸ் உள்ளே போனது, எனக்கு முன்னால் என் வேட்டி வீடு வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். அதோடு சாராயத்துக்குக் கும்பிடு. அது நெருப்பு மச்சான், அதில் ஊரும் இல்லை, மரமும் இல்லை.

சரி, நாமே தயார் செய்தால் என்ன என்று தோன்றியது. பதநீரை வைத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு போட்டு இறக்குகிறார்கள், அது புளிக்கவே மாட்டேன் என்கிறது. பிறகு இளநீரில் வெல்லத்தைக் கரைத்து, டீக்கடைக்கு ரொட்டி போடுகிறவரிடம் கொஞ்சம் ஈஸ்ட் வாங்கிக் கலந்து, ஒரு பெரிய பாட்டிலில் ஊற்றி இறுக்கமாகத் தக்கை அடித்தேன். எங்கே ஒளிப்பது? இந்த வீட்டில் உன் அக்காள் கை படாத இடம் என் நெஞ்சு ஒன்றுதான், அதில் பாட்டில் வைக்க முடியாது. கடைசியில் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். மூன்று நாள் சத்தமில்லாமல் இருந்தது. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. அண்டை வீட்டு எல்லம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் விளக்கு பூஜைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கோவிந்தம்மாள் கற்பூரத்தைக் காட்டி மணியை ஆட்டுகிறாள். டப்பென்று ஒரு சத்தம். தக்கை போய் உத்திரத்தில் அடித்தது, முருகன் முன்பக்கமாகச் சாய்ந்தார், பின்னாலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை பொங்கிக்கொண்டு வருகிறது. எல்லம்மாள், "அய்யய்யோ, சாமி பொங்குதுடி! பால் மாதிரி பொங்குதுடி!" என்று இரண்டு கையையும் ஏந்திக் குடித்துவிட்டாள். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மறுபடியும் ஏந்தினாள். மூன்றாம் தரம் ஏந்தும்போது மற்ற இரண்டு பேரும் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு பெண்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, இன்னும் பொங்கவில்லையே என்று முருகனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அக்காள் அவர்களுக்குச் சுண்டல் கொடுத்து அனுப்பினாள். எல்லோரும் போன பிறகு என்னிடம், "தீர்த்தத்துல ஈஸ்ட் வாசன வருது இன்னா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை.

பாட்டில் போனது, நாலே முக்கால் போகவில்லை. கால் தானாக ஏரிக்கரைக்குப் போகும். கடையின் கீற்றை யாரோ பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள், பெஞ்சு மட்டும் ஒரு கால் உடைந்து கிடக்கிறது. உடையாத பக்கமாக உட்கார்ந்து சுற்றியுள்ள பனைமரங்களைப் பார்ப்பேன். இப்போது பாளை விடுகிற சமயம். எல்லா மரமும் தலையில் ஒரு பானைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. நான் தினமும் ஐந்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்து உன் அக்காளுக்குச் சந்தேகம். எவளாவது இருக்கிறாள் என்று நினைத்து, ஒருநாள் கரும்புத் தோட்டத்து ஓரமாகவே பின்னால் வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் எவளும் இல்லை. நான் உடைந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்து, "நேத்து எறக்கினதுன்றியே, நுரையப் பாருடா" என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். எவளாவது இருந்திருந்தால்கூட உன் அக்காள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

மறுநாள் காலை என்னைப் பிடித்துப் பச்சமுத்து பூசாரி முன்னால் உட்கார வைத்துவிட்டாள். அவர் பேய் ஓட்டுவதில் கெட்டிக்காரர். வேப்பிலையால் முகத்தில் நாலு அடி அடித்தார், கண்ணெல்லாம் எரிகிறது, சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள். "யாரு நீ? உனுக்கு இன்னா வேணும்? சொல்லிடு!" என்று அதட்டினார். வேப்பிலை அடி தாங்காமல் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "மானாம்பதிக் கள்ளு." பூசாரி தலையை ஆட்டி, "குடிக்கு ஏங்கிச் செத்த ஆவிம்மா" என்று உன் அக்காளிடம் சொன்னார். என் காதோரம் குனிந்து, "எங்கனா கெடைக்குதா இன்னா? கெடச்சா எனுக்கும் சொல்லு" என்றார். பிறகு நிமிர்ந்து உடுக்கையை அடித்து, "இந்த ஒடம்புக்குள்ள யாரு குந்திக்கினு கீறே? பேரச் சொல்லு!" என்றார். யோசிக்காமல் என் வாயில் வந்தது: "சாமுவேலு." கூட்டத்தில் ஒரே சத்தம். உன் அக்காள், "அய்யே, அவன் உசுரோட கீறானே! இப்பத்தான் ரோட்டுல சைக்கிள்ல போனான்!" என்றாள். பூசாரிக்கே குழப்பம். உயிரோடு இருக்கிறவனை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் திருநீறு பூசி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. எட்டு மாதமாகச் சாமுவேலோடு நான் நாலு வார்த்தை பேசியிருந்தால் அது அதிகம். பார்க்கிறோம், அவன் சைக்கிளை விட்டு இறங்குகிறான், "வரேன் நைனா" என்கிறான், ஏறிப் போய்விடுகிறான். அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். நான் கூடத்தில் நாற்காலி போட்டுவிட்டு, "உள்ள வாடா" என்றேன். அவன் மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டு, "இருக்கட்டும் நைனா, இங்க காத்து வருது" என்றான். நானும் கொட்டாய்க்குப் போனேன். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை முளைத்தது. "மழை உண்டா நைனா?" என்றான். மாசியில் ஏது மழை? "வரும் வரும்" என்றேன். பசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. போய்விட்டான்.

போன வாரம் நானே, ஊருக்கு வெளியே சாமுவேல் இருக்கிற காலனிக்குப் போனேன். அதுவரை நான் அந்தத் தெருவுக்குள் போனதில்லை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. வழி கேட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது மச்சான், ஒரே பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவனுடைய வீட்டுக்கு. தெருவே எழுந்து நின்றது. அவன் பெண்சாதி சிட்டம்மாள் ஓடிப்போய் அவர்கள் கோயிலிலிருந்து போதகர் உட்காரும் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள். கைப்பிடியில் சிலுவை செதுக்கிய பெரிய நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்துவிட்டுச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள், நான் ஏதோ பிரசங்கம் செய்யப் போகிற மாதிரி. ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "நீயும் குந்துடா" என்றேன். சாமுவேல் கையைக் கட்டிக்கொண்டு, "பரவால்ல நைனா" என்றான். சோடா தீர்ந்தது. சிவப்பாக ஒரு ஏப்பம் வந்தது. வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இன்னும் மோசம். இந்தப் பக்கம் அவன் நிற்கிறான், அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு பேரும் உட்காருகிற மாதிரி இந்தப் பிர்க்காவிலேயே ஒரு இடம் இல்லை. ஆனபடியால் மச்சான், முடிவு செய்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் சாமுவேலை அழைத்துக்கொண்டு வந்தவாசி, திண்டிவனம் வழியாக அங்கே வருகிறேன். உங்கள் ஊரில் கள்ளுக்கடை திறந்துதானே இருக்கிறது. நல்ல கடையாக ஒன்று பார்த்து வை. நம் ஊர் ருசி அங்கே வராது, தெரியும், பரவாயில்லை. கள் முன்னேபின்னே இருந்தாலும் பெஞ்சு நீளமாக இருக்க வேண்டும். உன் அக்காளிடம், உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதனால் வியாழக்கிழமை வரை நீ படுத்த படுக்கையாக இருக்கிறாய், ஞாபகம் வைத்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பும் குழந்தைகளுக்கு என் முத்தங்களும். நீ பதவி உயர்ந்து, பிணியில்லாமல், பெரிய குடும்பஸ்தனாக விளங்க உத்திரமேரூர்ப் பெருமாள் துணை இருப்பார்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
ப. ஏகாம்பரம்.

பின்குறிப்பு (17-3-74): ஸ்டாம்பு ஒட்டாமல் இந்தக் கடிதம் ஒரு வாரம் சட்டைப் பையிலேயே கிடந்தது. நாங்கள் வரவில்லை, கடை பார்க்க வேண்டாம், நீ எழுந்து நடமாடலாம். பஸ்ஸுக்குக் கூப்பிட்டபோது சாமுவேல் தலையைச் சொறிந்துகொண்டு, "இது லெந்து நாளு நைனா, எங்க விரத காலம். ஈஸ்டர் வரிக்கும் தொடமாட்டேன்னு சிட்டம்மா சத்தியம் வாங்கிக்கினா" என்றான். எனக்கு வந்த கோபத்தில், அப்படியானால் என் மேட்டு நிலத்துக் கிணற்றையாவது வந்து ஆழப்படுத்திக் கொடு என்றேன். சரி என்று மறுநாளே கடப்பாரையோடு இறங்கிவிட்டான். வேலையைப் பார்க்கலாம் என்று நானும் ஏணியில் இறங்கினேன். முப்பதடி ஆழம். அங்கேயிருந்து பார்த்தால் வட்டமாகக் கொஞ்சம் வானம்தான் தெரிகிறது, வேறு யாரும் தெரியவில்லை, யாருக்கும் நாங்களும் தெரியவில்லை. ஒரே ஒரு பாறை இருந்தது. அதில் அவன் உட்கார்ந்துகொண்டு, "தள்ளிக் குந்துய்யா, இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறே?" என்றான். அன்று முழுக்க, பாறை இடுக்கில் கசிகிற தண்ணீர் உப்பா துவர்ப்பா என்று இரண்டு பேரும் கத்திக் கத்திச் சண்டை போட்டோம். சாயந்தரம் ஏறி வரும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. முந்தாநாளே நல்ல ஊற்று கிடைத்து, இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது, நிலத்துக்கு அது தாராளம். இறைத்துவிட்டு இன்னும் பத்தடி வெட்டச் சொல்லியிருக்கிறேன்.