அறிவுச்செல்வியின் வரனும் ஆல்வின் வைத்த மெமரியும்

திண்டுக்கல்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மூத்த மருமகன் சூசைமாணிக்கம் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மகளும் ஆண்டவர் அருளால் சுகம். ரெட்டியார்சத்திரத்தில் நீங்களும் அத்தையும் தக்காளித் தோட்டமும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். இளைய மருமகன் ஆல்வினைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் ஒன்பது வார்த்தை சொல்வார்கள், எதற்கு வம்பு என்றுதான் கடிதம்.

கொழுந்தியாள் அறிவுச்செல்விக்குச் சேவுகம்பட்டி வரன் நிச்சயமாகி, போன ஞாயிறு பூசையில் சாமியார் முதல் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று அவர் வாசித்த அன்று மத்தியானமே, மாப்பிள்ளைப் பையனின் அத்தை என் திருமணத் தகவல் மையத்தின் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். அதில் நம் பெண் 'நல்ல வரன் தேவை' என்று சிரித்துக்கொண்டு நிற்கிறாள். "ஒரு பக்கம் ஓலை வாசிச்சுப்புட்டு, இன்னொரு பக்கம் இதைவிடப் பெரிய இடமாத் தேடுறீகளோ? ரெண்டாவது ஓலையை நிறுத்தச் சொல்லிருவோம்" என்று அந்த அம்மா போனில் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. சனிக்கிழமை நீங்கள் அவர்களிடம் பேசப் போவதாகக் கேள்வி. அதற்கு முன் குற்றவாளி யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆல்வின்தான்.

பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள் மாமா. எனக்கென்ன பொறாமை? நான் வந்தால் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அவன் கோயம்புத்தூர் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்தால் நாட்டுக்கோழி. ஆயக்குடியில் வெயிலில் நின்று நான் பொறுக்கிக்கொண்டு வந்த கொய்யாவை "ஒரே கொட்டை" என்று ஒதுக்கிய அத்தை, அவன் வாங்கி வந்த பிஸ்கட் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டட்டும். நான் கவனிக்கவே இல்லை.

என் வெப்சைட் திறப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நரைத்துவிடும் என்று வருகிறவர்கள் எல்லாம் கேலி பேசியதால், ஈஸ்டர் விருந்தில் ஒரு பேச்சுக்குத்தான் அவனிடம் சொன்னேன். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, ஒவ்வொரு ஆளு கேக்குறப்பவும் உங்க புரோகிராம் டேட்டாபேஸுக்குப் போயி, டிஸ்க்குல தேடி எடுத்துட்டு வருது. அதான் லேட்டு. அடிக்கடி கேக்குற விவரத்துக்கு மெமரியில ஒரு நகல் வச்சுட்டா, மொதல்ல அங்க பாக்கும். இருந்தா சட்டுன்னு குடுக்கும். இல்லேன்னாத்தான் டேட்டாபேஸுக்குப் போகும். வரும்போது ஒரு நகலை மெமரியில வச்சுட்டு வரும். கரண்டு போனா நகல்தான் அழியும், அசல் பத்திரமா இருக்கும்" என்றான். எனக்குப் புரியவில்லை. அத்தை, "அதானே, மூட்டை மல்லி உள்ரூம்புல கெடந்தாலும் அடுப்புக்கிட்ட அஞ்சறைப்பெட்டி வேணும்ல" என்றார்கள். "பாத்தீகளாண்ணே, அத்தைக்குப் புரிஞ்சிருச்சு" என்று அவன் சொன்னானோ இல்லையோ, இன்னொரு காலும் அவன் இலைக்குப் போய்விட்டது. கோழிக்கு ரெண்டு காலுதான் மாமா. எனக்குக் கழுத்து வந்தது.

அன்று சாயங்காலமே போட்டுக் கொடுத்தான். கண்ணிமைப்பதற்குள் திறந்தது. "யாருங்க செஞ்சது?" என்று ஊரே கேட்க, என் சகலை, என் சகலை என்று சொல்லிச் சொல்லி வயிறு எரிந்தது. கம்ப்யூட்டர்கூட அவன் பேச்சைத்தான் கேட்கிறது. போகும்போது ஒன்று சொன்னான்: "நகல் அஞ்சு நிமிஷந்தான் இருக்கும், அப்புறம் தானா அழிஞ்சு புதுசா எடுத்துக்கும். அந்த நேரத்தை மட்டும் தொட்டுறாதீக." இப்போது பார்த்தால் அந்த ஐந்து நிமிடம் முப்பது நாளாக இருக்கிறது! நிச்சயதார்த்தம் முடிந்த அன்றே 'வரன் முடிந்தது' என்று நான் மாற்றிவிட்டேன். டேட்டாபேஸில் அப்படித்தான் இருக்கிறது, என் ஆபீஸ் திரை அதை நேராகப் பார்ப்பதால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஊருக்குக் காட்டியதோ மெமரியில் கிடந்த பழைய நகலை. அது எப்படி முப்பது நாளானது? எனக்கென்ன தெரியும், போட்டவனைக் கேளுங்கள். சனிக்கிழமை அவன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள், ஆனால் அவனைக் கூட்டிப் போகாதீர்கள். அந்த வீட்டிலும் கோழி அடித்துவிடுவார்கள்.

அத்தைக்கு என் வணக்கத்தை, அவர்கள் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லவும். உங்கள் முழங்கால் வலி தீரவும் கொழுந்தியாள் கல்யாணம் குறைவில்லாமல் நடக்கவும் வேண்டிக்கொள்ளும்,

மூத்த மருமகன்
சூசைமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஆல்வின் போன் செய்தான். "அண்ணே, சேவுகம்பட்டிக்குப் பேசிட்டேன். என் தப்புன்னு சொல்லிருக்கேன். அந்தம்மா பாதிதான் நம்புறாக, சனிக்கிழமை நேர்ல வரச் சொல்லிருக்காக. லீவு போட்டு வாரேன். நேரத்தை யாரு எப்ப மாத்துனதுன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. நான் யாருக்கும் காட்டலை" என்றான். மாற்றியது நான்தான் மாமா. அஞ்சு நிமிஷத்துக்கே இம்புட்டு வேகம்னா, முப்பது நாள் வச்சா அவனை மிஞ்சிரலாம்னு நெனச்சேன். மேலே எழுதியதில் கோழி மட்டும்தான் நிஜம். சனிக்கிழமை நான் வாரேன், அந்தம்மா கால்ல விழுந்தாவது சொல்லிருதேன். அவனை வர வேண்டாமுன்னு சொல்லிருங்க. தப்பு என்னுது மாமா, அதையும் எடுத்து அவனுக்குக் குடுத்துராதீக.