அக்காவின் தாலிப் பொன்னில் நான் போட்ட கல்

நான் படித்த படிப்பால் இதுவரை யாருக்கும் பெரிய நன்மை விளைந்ததில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதே படிப்பால் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். நான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் இரண்டாம் ஆண்டு. கோலா கெத்தில் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரின் மகன் கல்லைப் பற்றிப் படிக்கிறான் என்பதே தோட்டத்தில் பெரிய வேடிக்கை. ("கல்லு படிக்கவா கோலாலம்பூர் போன? இங்க ரோட்டுலயே கிடக்கேலா!" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன்.)

அந்த முறை லீவுக்கு வரும்போது ஒரு பாடத்தை மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பூமிக்குள் பாறை உருகிக் குழம்பாகக் கிடக்கும்; அதற்கு மாக்மா என்று பெயர். அதில் கந்தகம் மிகுந்தால், இரும்பும் கந்தகமும் சேர்ந்து சொட்டுச் சொட்டாகத் தனியே பிரியும். குழம்பில் கரைந்திருக்கும் தங்கம், பிளாட்டினம் எல்லாம் அந்தச் சொட்டுகளுக்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் ரப்பர் திரள்வதைப் போல என்று புரிந்துகொண்டேன். பாடத்தோடு சட்டைப்பையில் ஒரு கல்லும் வந்தது. இரும்பும் கந்தகமும் கலந்த, பித்தளை நிறத்தில் மின்னும் சின்னத் துண்டு.

அந்த வாரம்தான் சரோஜா அக்காவின் தாலிக்குப் பொன்னுருக்கு. நல்ல நேரத்தில், இரு வீட்டாரும் பார்க்க, பத்தர் தங்கத்தை உருக்க வேண்டும். பளிச்சென்று திரண்டால் நல்ல சகுனம். மாப்பிள்ளையின் அம்மா பாக்கார் ஆராங் என்ற ஊரிலிருந்து வந்திருந்தார். பூனை குறுக்கே போனதற்காகப் பாதி வழியில் காரைத் திருப்பியவர் அவர். உருக்குவதற்கு என் அம்மா தன் தோடுகளைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அது தாலிக்கு மட்டுமட்டாகத்தான் போதும்.

பத்தர் மூசையில் தோடுகளைப் போட்டு, அழுக்கு நீங்க வெண்காரம் தூவி, ஊதுகுழலால் ஊதினார். வெண்காரம் உருகிக் கண்ணாடிக் குழம்பாகத் தங்கத்தின்மேல் மிதந்தது. எனக்குப் பாடம் கண்முன் வந்தது. பாறைக்குழம்பு! அம்மாவின் தோடு அதற்குள் கரைந்துகொண்டிருக்கிறது! பத்தர் அந்தக் கண்ணாடியை உடைத்து வீசினால் தங்கமும் சேர்ந்து போய்விடுமே! இப்போது அந்தத் தங்கத்தைத் திரட்டக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

"பத்தரே, ஒரு நிமிசம்" என்றேன். அவர் நிமிர்வதற்குள் கல் மூசைக்குள் விழுந்துவிட்டது.

நீல நெருப்பு எழுந்தது. தீபாவளிப் பட்டாசு நாற்றம் வீட்டை நிறைத்தது. எல்லாரும் இருமினார்கள். புகை அடங்கியபோது மூசைக்குள் கரிய கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்னாங்க இது, தாலிப் பொன்னு கருத்துப் போச்சி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தும்விட்டார்.

"அது வந்து... மாக்மா..." என்று தொடங்கினேன்.

"மாக்மாவும் வேணாம் மாமாவும் வேணாம். தங்கம் எங்கடா?" என்றார் அம்மா.

அதுதான் எனக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்குள்ளா, கரிக்கட்டிக்குள்ளா, புகையோடு போய்விட்டதா? பாடத்தில் குழம்பு இருந்தது, சொட்டு இருந்தது. ஏற்கெனவே கட்டித் தங்கமாக இருப்பது எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. (சொல்லித் தந்திருக்கலாம். நான் தூங்கியிருக்கலாம்.)

அப்போதுதான் அறைக்குள் இருந்த அக்கா வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, புகையாலா அழுகையாலா என்று தெரியவில்லை.

"அத்தை, தங்கம் கருக்கல. கருத்தது இவன் போட்ட கல்லு. சகுனம் சரியில்லன்னா அது இவனுக்குத்தான். எனக்கு இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பத்தர் அதற்குள் கட்டியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கரிய ஓடு உடைந்தது. அடியில் மஞ்சளாகத் தங்கம் எட்டிப் பார்த்தது.

"செம்பும் வெள்ளியும் கருப்போட போயிருச்சிம்மா. இப்பதான் சுத்தத் தங்கம்" என்றார் பத்தர்.

"அப்ப சரி" என்று உட்கார்ந்தார் மாப்பிள்ளையின் அம்மா. "இவனுக்குப் பொண்ணு பாக்குறப்ப நாம பாத்துக்குவோம்லா."

தாலி கொஞ்சம் சிறுத்துத்தான் வந்தது. போனது செம்புதான் என்றார் பத்தர், தங்கமும்தான் என்றார் அம்மா. அந்த ஆண்டுத் தேர்வில் இதே கேள்வி வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். மறுபடி எழுதச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கரிய ஓடு இன்றும் அக்கா வீட்டு அலமாரியில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார் சாவி காணவில்லையென்றாலும், சட்டியில் மீன் துண்டு குறைந்தாலும், "தம்பி கல்லுக்குள்ள தேடிப் பாருங்க" என்பார்கள்.

எனக்கும் ஒரு நாள் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டில் பொன்னுருக்கப் போனபோது வாசலில் ஒருவர் வழிமறித்து, எல்லார் முன்னாலும் என் சட்டைப்பை, கால்சட்டைப்பை இரண்டையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அக்காவின் மாமியார்தான்.