றொக் அண்ணை பாடாத கடைசி வரி

சுவிற்சர்லாந்தில் மனிதர்களைச் சாக விடாமல் பிடித்து வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் றொக் அண்ணைதான். டொக்டர்மார் கோபிக்கக்கூடாது.

ஊஸ்டர் என்ற ஊரில் நான் பராமரிப்பு வேலை செய்த முதியோர் இல்லத்தின் குசினியில் அவர் பாத்திரம் கழுவினார். கொழும்பில் தமையன் சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். றொக் அண்ட் றோல் பிறந்த காலத்துப் பாட்டு எதைக் கேட்டாலும் பாடுவார். இங்கிலீஷ் அரைகுறை, இடுப்பு மட்டும் முழுசாய் ஆடும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து, சூப் அகப்பையை மைக்காகப் பிடித்துக்கொண்டு தொடங்கிவிடுவார். பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துபோன கிழவர் கிழவிகள் ஒரு சொல் தவறாமல் கூடப் பாடுவார்கள். கண் மட்டும் எங்கோ இருக்கும்.

அதைவிடக் கொடுமை, ஒரு பாட்டையும் அவர் முடிக்கமாட்டார். கடைசி வரிக்கு முன்னால் டக்கென்று நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு" என்று போய்விடுவார். திறந்த வாய்களை மூட நாங்கள் யோகர்ட் ஊட்டவேண்டும்.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்யிறியள்?"

"பிள்ளை, வீட்டை விட்டு வெளிக்கிடேக்க 'போறன்' எண்டு சொல்லுவமோ? 'போட்டு வாறன்' எண்டெல்லோ சொல்லுறது. கடைசி வரி பாடினால் அது 'போறன்' மாதிரி. முந்தி வேலை செய்த இடத்தில ஒருக்கால் ஒரு ஐயாவுக்கு முழுசாப் பாடினன். விடியப் பாத்தால் ஆள் இல்லை."

சிரித்தேன். ஆனால் அவர் வந்தபின் இரண்டு குளிர்காலம் எங்கள் மாடியில் ஒருவரும் சாகவில்லை. காய்ச்சலில் கிடந்தவரும் மறுநாள் சக்கர நாற்காலியில் வந்து மிச்ச வரிக்குக் காத்திருந்தார். எனக்குச் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றுபோனது.

தொண்ணூற்று மூன்று வயது ஃபிராவ் ஹூபர் என்ற அம்மாவுக்குத்தான் பொறுமை இல்லை. அவர் கேட்டது, புருஷனோடு முதன்முதல் ஆடிய பாட்டு.

"மிஸ்டர் றொக், எனக்கு முடிவு வேண்டும். முடிவில்தான் அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

அண்ணை கையை உருவிக்கொண்டு குசினிக்கு ஓடிவிட்டார். மறுநாளும் அந்த அம்மா கேட்டார், மறுநாளும் அண்ணை ஓடினார். அதற்கடுத்த காலை, பாட்டு இல்லாமலே ஃபிராவ் ஹூபர் போய்விட்டார்.

உயிர் வெளியே போகட்டும் என்று, இந்த ஊர் வழக்கப்படி அறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். அண்ணை ஏப்ரனோடு வந்து கட்டிலருகே நின்றார். இடுப்பு ஆடவில்லை. மெல்லிய குரலில் முதல் வரியிலிருந்து தொடங்கினார். சற்று நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு முனகல், பிறகு எதிர் அறையில். மூடிய கதவுகளுக்குப் பின்னால் முழு மாடியும் கூடப் பாடியது. சாவை நான் அண்ணையைத் தவிர இன்னும் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

கடைசி வரியைப் பாடினார். வெளியே இலைகூட அசையவில்லை. திரைச்சீலை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி ஜன்னலுக்கு வெளியே போனது.

"உயிரோடை இருக்கேக்க பாடியிருக்கலாம், பிள்ளை. செத்துப்போயிடுவா எண்டு பயந்திட்டன்."

எத்தனையோ சாவு பார்த்தவள் நான். யாரோ ஒரு கிழவி சாகக்கூடாது என்று இவ்வளவு பயந்த மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன். அந்த ஈர ஏப்ரனோடு அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.