சிங்க் மூடிக்குக் குகன் அண்ணை சொன்ன வைத்தியம்

இன்றைய வேலை: பாத்ரூம் சிங்க் மூடியைத் தூக்குவது.

அவ்வளவுதான். கீழே போன மூடி மேலே வரமாட்டேன் என்கிறது. முகம் கழுவின தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது.

மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருப்பது மேல்வீடு. வீட்டுக்காரி ராசம் அன்ரி இருப்பது பேஸ்மென்றில். வீட்டை வாங்கினவர் நிலத்துக்குக் கீழே, வாடகைக்காரர் வெளிச்சத்தில். ரொறன்ரோவை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது!

லீஸ் முடிகிறது. நாலு மணிக்கு அன்ரி வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, எங்களை வைத்திருப்பதா அனுப்புவதா என்று சொல்வா.

"யாரையாவது கூப்பிடலாமேங்க," என்றாள் செல்வி. மனைவி. மதுரைக்காரி. நான் இருபது வருடம் சென்னையில் இருந்துவிட்டு இங்கே திரும்பியபோது கூடவே வந்தவள்.

"இதுக்குப் போய் ஆளா?"

முக்கால் மணி நேரம் குனிந்து கிடந்து, குழாய்க்குப் பின்னால் ஒரு கம்பி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அறிவு அத்தோடு தீர்ந்தது.

குகன் அண்ணையை வீடியோவில் அழைத்தோம். அவர் பஸ் ஓட்டுபவர். ஆனால் எங்கள் சனத்தில் சொந்த வீடு வாங்கிய எல்லோரும் பிளம்பர்தான்.

என் தலை சிங்குக்குக் கீழே, அலுமாரிக்குள். போன் செல்வி கையில்.

"தங்கச்சி, உள்ளுக்குக் காட்டுங்கோ... ஆ! கம்பி தெரியுது. உதை... மெல்ல..."

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். செல்வி அதுவரை பொறுக்கவில்லை.

"உதைக்கச் சொல்றார்ங்க!"

"என்னத்தை?"

"எதைண்ணே?"

"உதைத்தான் தங்கச்சி, உதை!"

"உதைங்க! கத்துறார்!"

யாழ்ப்பாணத்தில் 'உதை' என்றால், உன் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாமானை என்று அர்த்தம். மதுரையில் உதை என்றால் உதைதான். எனக்கு இரண்டும் தெரியும். ஆனால் கல்யாணமானவன் மனைவி சொன்னபிறகு இலக்கணம் பார்ப்பதில்லை.

தலையை வெளியே எடுத்தேன். காலை உள்ளே விட்டேன். உதைத்தேன்.

மூடி டக்கென்று எழும்பியது!

"பாத்தியா?" என்று சொல்லி முடிக்குமுன் குழாய் இரண்டாகக் கழன்றது. சிங்கில் நின்ற தண்ணீர் முழுதும் அலுமாரிக்குள் கொட்டி, தரையில் ஓடி, சுவரோரம் மறைந்துபோனது.

"உதைப் பிடிச்சு மெல்லத் தள்ளுங்கோ எண்டெல்லோ சொல்ல வந்தனான்!" என்று போனில் குகன் அண்ணை அலறினார்.

கதவு தட்டும் சத்தம். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அன்ரி வந்துவிட்டா, கையில் அகப்பையோடு.

"அன்ரி, சிங்கிலை தண்ணி போகாமல் நிண்டது. இப்ப போகுது."

"ஓம் தம்பி, போகுது. என்ர மீன்குழம்புக்கை போகுது."

குழாயைப் பார்த்தா. என் ஈரக்காலைப் பார்த்தா. செல்வி மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

"முந்தி இருந்தவர் எல்லாம் தெரிஞ்ச ஆள். தானே திருத்துறன் எண்டு சுவரையே இடிச்சவர்," என்றா அன்ரி. "உங்களுக்கு ஒண்டும் தெரியாது. இருங்கோ. இனி ஒண்டையும் தொடாதேங்கோ."

லீஸ் இன்னும் ஒரு வருடம். தகுதி: ஒன்றும் தெரியாது.