நூற்று ஐம்பத்தாறு ஸ்டிக்கர்கள்

சாப்பாட்டு மேஜையில் பதினோரு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. அங்கே ஒரு போர்விமானம் நின்றது. பிளாஸ்டிக்தான், முழங்கை நீளம்தான். ஆனால் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டியவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். தெருவில் அவருக்குப் பெயர் பைலட். பைலட்டும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, விமானத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

மேஜை போனால் போகட்டும். கூடவே ஓர் ஒப்பந்தம் வேறு. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பைலட் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, ஆகாயத்தில் அறிவிக்கிற குரலில் அறிவித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த வீட்டுல விமானம் செய்யறவங்ககிட்ட, அது முடியற வரைக்கும், வேற எந்த வேலையும் சொல்லக் கூடாது. முடிஞ்ச மறுநிமிஷம் சொல்ற வேலையெல்லாம் செய்யப்படும். நன்றி."

பொம்மைதானே, ஒரு மாதம் ஆகுமா என்று நினைத்து மனைவி "சரி" என்றாள். அந்தச் சரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது. படுக்கையறை ஜன்னல் மூட மறுத்தது. குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்ததில், உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதாயிற்று.

உண்மையைச் சொன்னால் விமானம் எப்போதோ முடிந்துவிட்டது. இறக்கை, சக்கரம், வண்ணம் எல்லாம் கச்சிதம். பாக்கி ஸ்டிக்கர்கள் மட்டும். 'இங்கே மிதிக்காதே', 'இங்கே பிடித்துத் தூக்கு' என்று, எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவு எழுத்து. நூற்று ஐம்பத்தாறு இருந்தது. பைலட் ஒரு திட்டம் போட்டார். ஞாயிறுக்கு ஒன்று. மூன்று வருஷம் ஒருத்தரும் அவரை அசைக்க முடியாது. அன்று குளியலறையில் அவர் பாட்டு தெருக்கோடி வரை கேட்டது.

"என்னங்க, குழாய் இப்ப சொட்டலை" என்றாள் மனைவி, முதல் ஞாயிறு காலையில்.

"பாத்தியா, தானா சரியாயிடுச்சு."

"சொட்டலை. ஒழுகுது."

"விமானம் முடியலையேம்மா."

"அதான் முழுசா நிக்குதே."

"உன் கண்ணுக்கு முழுசு. விவரம் தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான். நூத்தி அம்பத்தாறு ஒட்டணும்."

"இன்னிக்கு எத்தனை ஒட்டுவீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"அவசரப்பட்டா ஆகுற வேலையா இது?"

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அதில் ஒரு துணையெழுத்து விட்டுப் போயிருந்ததை அவர் சிவப்புப் பேனாவால் சேர்த்திருந்தார். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், மச்சினன் கல்யாணப் பத்திரிகை என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. தப்பைக் கண்டால் அந்தக் கை தானாக நீளும்.

"நானும் ஒண்ணே ஒண்ணு ஒட்டிப் பார்க்கட்டுமா?" என்றாள், தேன் குழைத்து.

பைலட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண்டாட்டிக்குக் கலையில் நாட்டம் வந்துவிட்டதே. "தாராளமா. தண்ணியில ஊறவை. இடுக்கியால மெதுவா நழுவ விடு. அவ்வளவுதான்."

அவள் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள். 'இங்கே மிதிக்காதே' விமானியின் கண்ணாடிக் கூண்டு மேல், தலைகீழாக உட்கார்ந்தது.

"இது இறக்கையில ஒட்டறதும்மா."

"ஏன், இவர் தலையில மட்டும் மிதிக்கலாமா?"

அவர் அதை நகர்த்தி இறக்கையில் ஒட்டினார். இன்றைய கணக்கு தீர்ந்தது என்று எழுந்தார். அதற்குள் அவள் இரண்டாவதை வால் மேல் வைத்துவிட்டாள், மாடிப்படி மாதிரிச் சாய்த்து.

"கோணலா இருக்கு."

"எனக்கு நேராத்தான் தெரியுது. நீங்க போய்ப் படுங்க. காஞ்சிட்டா அப்புறம் அசையாதாமே."

"குடு இங்க."

மூன்றாவதும் கோணல். நான்காவது சக்கரத்தில். ஐந்தாவது மேஜையில். இவளோ கண் ஆஸ்பத்திரி நர்ஸ், ஐயா. ஒரு நாளைக்கு அறுபது பேர் கண்ணில் துளி பிசகாமல் மருந்து விடுகிற கை அது. கோணலாக ஒட்ட அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று பைலட் யோசித்திருக்கலாம். யோசிக்க நேரம் ஏது? ஒன்றைத் திருத்துவதற்குள் அடுத்தது தப்பாக வந்து உட்கார்ந்தது.

மத்தியானம் அவருக்கு இரண்டு கையும் வேலையில் இருந்ததால் அவளே ஊட்டிவிட்டாள். "வாயைத் திறங்க. தலையை ஆட்டாதீங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது." வார்டுக் குரல். அவரும் சமர்த்து நோயாளியாக மென்று விழுங்கி, "அந்த முப்பத்தெட்டாவது ஸ்டிக்கரைத் தொட்டுடாதே" என்றார்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கடைசி ஸ்டிக்கர் உட்கார்ந்தது. பைலட் இரண்டடி பின்னால் போய் நின்றார். கண் கலங்கிவிட்டது.

"இதுல ஒரு பிழை காட்டு, பார்ப்போம்."

அவள் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நிஜமாவே ரொம்ப அழகா இருக்குங்க. ஒரு பிழைகூட இல்ல. அப்ப முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றார் பெருமையாக.

சொல்லி வாயை மூடியதும் குழாய் ஒழுகுவது நன்றாகக் கேட்டது.

பேச்சு மாறாத மனுஷர். அடுத்த மூன்று ஞாயிறும் குழாய்க்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, தாழ்ப்பாளுக்கு ஒன்று என்று போயின. ஸ்குரூ முடுக்கும்போதெல்லாம் அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கடையில் விமானமா இல்லை? இன்னொன்று வாங்கினால் ஒப்பந்தம் மறுபடி அமலுக்கு வருமே.

நான்காம் ஞாயிறு காலையில் எழுந்து வந்தால், மேஜையில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு புதுப் பெட்டி. இரண்டு மாடிப் பயணிகள் விமானம்.

"எனக்கா வாங்கினே?" பைலட் பெட்டியைத் தடவிக்கொடுத்தார்.

"எனக்குங்க" என்றாள் மனைவி. அவருடைய பட்டை வைத்த பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்தாள். "தொள்ளாயிரம் துண்டாம். ஸ்டிக்கர் தனி."

"அப்ப சமையல்? துணி?"

"விமானம் செய்யறவங்ககிட்ட வேற வேலை சொல்லக் கூடாதுங்க."

பைலட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சரி, எப்ப முடியும்?"

"இப்பதான் குறிப்புப் புத்தகத்தைப் பிரிச்சிருக்கேன், எண்பது பக்கம்" என்றாள் அவள். "நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."