தினம் பத்தாயிரம் அடி

தொழிலாளர் நலனை முன்னிட்டு, மருத்துவச் செலவு முழுவதையும் இனி நிர்வாகமே ஏற்கும் என்று பாட்டில் கம்பெனி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். மூடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டிலுக்கு மூடி அடிக்கும் மிஷின் முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்று நின்றே முட்டி தேய்ந்த மனுஷர். ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆறு மாசத்தில் நடையே நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வீடோ மூன்றாவது மாடி.

அன்றைக்கே நலப்பிரிவு அதிகாரியைப் பார்க்கப் படியேறினார். கால் மணி நேரம் ஆயிற்று. நலப்பிரிவை மாடியில் வைப்பதுதானே முறை!

முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்த அதிகாரி, ஒரு ரப்பர் பட்டையை நீட்டினார். நடக்கிற அடியை எண்ணும் பட்டை; இப்போதெல்லாம் பெரிய மனிதர்கள் அது இல்லாமல் தூங்கக்கூடப் போவதில்லை.

"முப்பது நாள், தினம் பத்தாயிரம் அடி. ஒரு நாள் விடாம நடந்தா மருத்துவ அட்டை உங்க கையில."

"நடக்க முடியலைன்னுதான் சார் அட்டையே கேக்கறேன்."

"நடங்க, தர்றோம்."

"நடக்க முடிஞ்சா அட்டை எதுக்கு சார்?"

"அடடா, நிர்வாகமும் அதேதான் கேட்டுச்சு!" என்று அதிகாரி பூரித்துப்போனார்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நாள் முழுக்க ஓயாம ஆடறது உங்க மிஷினோட கைதான். அதுக்கே கட்டிவிடுங்க போங்க!"

எரிச்சலில் சொன்னாள். அவர் அதை அப்படியே செய்துவிட்டார். மூடி அடிக்கும் இரும்புக் கை மேலும் கீழும் போக, சாப்பாட்டு மணிக்குள் பத்தாயிரம் தாண்டிவிட்டது. விஷயம் கசிந்தது. ஒரு வாரத்தில் அந்தக் கை நிறைய பட்டைகள், வளையல் கடை மாதிரி.

ஒன்பதாம் நாள் அதிகாரியே இறங்கி வந்தார். மூடிக்காரர் மிஷினை மறைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார், தன் பட்டையைக் கழற்றினார்.

"இன்னும் ஒண்ணுக்கு இடமிருக்குமா? எனக்கும் முதுகு ஆபரேஷன் பாக்கி."

இருபத்தெட்டாம் நாள் காலை, கறக் என்று சத்தம். பாரம் தாங்காமல் கை அப்படியே நின்றது. பட்டைகளை அவசர அவசரமாக உருவி ஒளித்தார்கள். அரை மணியில் மெக்கானிக் காரில் வந்து இறங்கினார்.

"மூட்டு தேஞ்சுபோச்சு. புதுசு மாத்தணும்."

"மாத்துங்க! செலவைப் பத்தி யார் கேட்டா?" என்று துடித்தார் மேனேஜர்.

"மாத்தினாலும் மூணு நாள் ஓட்டக் கூடாது. ரெஸ்ட் வேணும்."

"பாவம், நல்லா எடுத்துக்கட்டும்."

மூணு நாளும் கம்பெனியில் ஒருவர்கூட பத்தாயிரம் அடி நடக்கவில்லை. நாலாம் நாள் வாசலில் அறிவிப்பு: 'தொழிலாளரின் சோம்பலை ஆழ்ந்த வருத்தத்துடன் கவனித்த நிர்வாகம், அனைவரின் தகுதியையும் ரத்து செய்கிறது.' அதைக் குனிய முடியாமல் குனிந்து ஒட்டியவர் நலப்பிரிவு அதிகாரி. தகுதி இழந்தோர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

மிஷினை மறுபடி ஓட்டிப் பார்க்க மெக்கானிக் வந்திருந்தார். அதிகாரி முதுகைப் பிடித்துக்கொண்டே அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க மனுஷங்களைப் பாக்கறதில்லையா?"

"சார், வரிசையில வாங்க," என்றார் மூடிக்காரர். "எனக்கு முன்னாடியே ஏழு பேர் நிக்கறாங்க."